காலையில் மட்டும் கேட்கும் அந்தச் சத்தம்... கார் ஸ்டார்ட் ஆகும்போது எஞ்சின் சொல்வது என்ன?

அதிகாலை 5 மணி. ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் ஒரு வீட்டு வாசல். நாலு நாளாக கவர் போட்டு நின்றிருந்த காரில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்புகிறார் வீட்டுக்காரர். 'கடகடகட' என்று ஒரு சத்தம். இரண்டே விநாடிதான். அதன் பிறகு ஒன்றுமே நடக்காதது போல எஞ்சின் அமைதியாகிவிடுகிறது. ஆனால், அவருக்கு மனசு கேட்கவில்லை. கடை திறக்கும் நேரம் பார்த்து, காவிரிப் பாலம் தாண்டி திருச்சியில் இருக்கும் மெக்கானிக்கிடம் காரைக் கொண்டுபோகிறார்.

"கார்த்தால நன்னா கேட்டுதேப்பா..."

"இப்ப ஒண்ணுமே இல்லையே சார். வண்டி சூப்பரா இருக்கு!"

மெக்கானிக்கும் நாலு முறை ஆஃப் செய்து ஆன் செய்து பார்க்கிறார். சத்தம் வரவே இல்லை. கடைசியில் 'எதுக்கும் இதை மாத்திப் பார்ப்போம்' என்று ஏதோ ஒரு பாகத்தை மாற்றி, ஒரு பில்லையும் வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறார். மறுநாள் காலை 5 மணிக்கு மறுபடியும் அதே 'கடகட'!

கார் வைத்திருக்கும் பலருக்கும் இது பழகிப்போன கதைதான். இதில் மெக்கானிக் பொய் சொல்லவில்லை. கார் ஓனருக்கும் பிரமை இல்லை. அந்தச் சத்தம் உண்மையிலேயே காலையில் மட்டும்தான் வரும். அது ஏன்? எந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம்? எதைக் கேட்டால் பதறாமல் இருக்கலாம், எதைக் கேட்டால் உடனே எஞ்சினை நிறுத்த வேண்டும்? விரிவாகப் பார்ப்போம்.

பாலம் தாண்டுவதற்குள் சத்தம் எங்கே போகிறது?

இரவு முழுக்க ஒரு கார் நின்றால் எஞ்சினுக்குள் சில விஷயங்கள் நடக்கின்றன. மேலே கேம் ஷாஃப்ட், வால்வு பக்கம் இருந்த எஞ்சின் ஆயில் மெல்ல மெல்ல வடிந்து, அடியில் இருக்கும் சம்ப் என்ற தொட்டிக்கு வந்துவிடுகிறது. சூட்டில் விரிந்திருந்த உலோகப் பாகங்கள் ஆறிச் சுருங்குகின்றன. அதனால் பாகங்களுக்கு இடையே இருக்கும் இடைவெளி மாறுகிறது. ரப்பர் பெல்ட் விறைத்துப்போகிறது. மார்கழிப் பனியில் அதன் மேல் கொஞ்சம் ஈரமும் படிகிறது.

இந்த நிலையில் முதல் முறையாக ஸ்டார்ட் செய்வதைத்தான் மெக்கானிக்குகள் 'கோல்டு ஸ்டார்ட்' என்கிறார்கள். திருச்சி வெயிலில் ஏது கோல்டு என்று கேட்கலாம். இங்கே அந்த வார்த்தைக்கு ஊரின் குளிர் அர்த்தமில்லை. மணிக்கணக்கில் நின்று எஞ்சின் முழுசாக ஆறிவிட்டது என்று மட்டும்தான் அர்த்தம். அக்னி நட்சத்திரத்திலும் கோல்டு ஸ்டார்ட் உண்டு!

ஸ்டார்ட் ஆகி ஒரு நிமிஷம் ஓடினாலே ஆயில் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்துவிடும். பத்து நிமிஷம் ஓடினால் எஞ்சின் சூடாகிவிடும். ஸ்ரீரங்கத்தில் கிளம்பிய கார் மாம்பழச்சாலை வந்து பாலம் ஏறி சத்திரம் பேருந்து நிலையம் பக்கம் போவதற்குள், காலையில் இருந்த எஞ்சின் வேறு, இப்போது இருக்கும் எஞ்சின் வேறு. அப்புறம் எங்கிருந்து சத்தம் வரும்?

அதனால்தான் 'எப்படி' சத்தம் என்பதைவிட 'எப்போது' சத்தம் என்பது முக்கியம். சாவியைத் திருப்பிய உடனேயா? எஞ்சின் சுற்றும்போதா? எஞ்சின் பிடித்த பிறகு இரண்டு விநாடியா? அல்லது நிற்காமல் தொடர்கிறதா? நல்ல மெக்கானிக் முதலில் இதைத்தான் கேட்பார்.

சாவி திருப்பிய அந்த மூன்று விநாடிகள்

சாவியை 'ஆன்' நிலைக்குத் திருப்பியதும் பின்சீட் பக்கத்தில் இருந்து 'ங்ங்ங்' என்று ஒரு மெல்லிய ரீங்காரம் கேட்டால் பயப்பட வேண்டாம். அது டேங்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்ப். ஓரிரு விநாடி ஓடி நின்றுவிடும்.

அடுத்து சாவியை 'ஸ்டார்ட்' வரை திருப்புகிறோம், அல்லது பட்டனை அழுத்துகிறோம். பேட்டரியில் இருந்து ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மின்சாரம் பாய்கிறது. அந்த மோட்டாரின் தலையில் உட்கார்ந்திருக்கும் சாலினாய்டு ஒரு சின்னப் பல்சக்கரத்தை முன்னால் தள்ளுகிறது. அது எஞ்சினின் ஃபிளைவீலைச் சுற்றி இருக்கும் பெரிய பல்வளையத்தில் போய்க் கோத்துக்கொள்கிறது. மோட்டார் சுற்ற, எஞ்சினும் சுற்றுகிறது. நிமிஷத்துக்கு சுமார் 200 சுற்று. பெட்ரோலோ டீசலோ பற்றிக்கொண்டு எஞ்சின் தானாக ஓட ஆரம்பித்ததும் சின்னச் சக்கரம் பின்வாங்கிவிடுகிறது. இவ்வளவும் இரண்டு மூன்று விநாடியில் முடிந்துவிடும். அந்த நேரத்தில் பேட்டரியில் இருந்து நூறு ஆம்பியருக்கு மேல் மின்சாரம் உறிஞ்சப்படுகிறது. வீட்டில் ஏசி ஓடும்போது எடுப்பது பத்து ஆம்பியரைத் தாண்டுவதே அபூர்வம் என்பதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு என்று புரியும். (வோல்டேஜ் வேறு என்பதால் மின் சக்தி வேறு கணக்கு. ஆனால் கேபிளும் கிளாம்பும் தாங்க வேண்டியது இந்த ஆம்பியரைத்தான்.)

இந்த ஸ்டார்ட்டர் மோட்டார் வருவதற்கு முன்னால் காரின் முன்பக்கம் இரும்புக் கைப்பிடியைச் செருகி கையால் சுற்றித்தான் ஸ்டார்ட் செய்தார்கள். சில நேரம் எஞ்சின் திருப்பி உதைத்து கை மணிக்கட்டே உடைந்துபோகும். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டு மாடல் காடிலாக் காரில் வந்த பிறகுதான் அந்த வேலை ஒழிந்தது. அம்பாசடர் ஓட்டிய தலைமுறைக்கு அந்த 'ஹேண்டில்' நன்றாக ஞாபகம் இருக்கும். ஸ்டார்ட்டர் மோட்டாருக்கும் தமிழ்நாட்டுக்கும் நெருக்கம் அதிகம். சென்னை பாடியில் இருக்கும் லூகாஸ் டிவிஎஸ் 1960களில் இருந்து இயங்குகிறது. ஸ்டார்ட்டரும் ஆல்டர்னேட்டரும் செய்கிறது. திருச்சியிலேயே ஒரு முக்கியமான சந்திப்புக்கு டிவிஎஸ் டோல்கேட் என்றுதான் பெயர்.

'டக் டக் டக் டக்'

சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுற்றாமல் வேகமாக 'டக் டக் டக்' என்று மட்டும் கேட்கிறதா? பெரும்பாலும் பேட்டரிதான். சாலினாய்டை இழுக்கும் அளவுக்கு பேட்டரியில் தெம்பு இருக்கிறது. ஆனால் மோட்டார் சுற்ற ஆரம்பித்ததும் வோல்டேஜ் விழுந்துவிடுகிறது. சாலினாய்டு கையை விட்டுவிடுகிறது. சுமை போனதும் வோல்டேஜ் ஏறுகிறது, மறுபடி இழுக்கிறது, மறுபடி விடுகிறது. அந்த இழுபறிதான் இந்தச் சத்தம்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பேட்டரி என்றதும் புதுசு வாங்க ஓட வேண்டாம். பானெட்டைத் திறந்து டெர்மினலைப் பாருங்கள். பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால், பேட்டரி நன்றாக இருந்தும் மின்சாரம் போக வழியில்லாமல் இருக்கலாம். கழற்றும்போது மைனஸை முதலில், மாட்டும்போது மைனஸைக் கடைசியில். சமையல் சோடா கலந்த வெந்நீரில் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவைத்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவினால் போதும். அந்தப் பொடி கண்ணிலோ கையிலோ படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதில் அமிலம் இருக்கிறது.

மல்டிமீட்டர் இருந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. இரவு முழுக்க நின்ற காரில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12 வோல்ட்டுக்குக் கீழே போனால் கிட்டத்தட்ட காலி. ஸ்டார்ட் செய்யும் அந்த நொடியில் 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரிக்கு வயசாகிவிட்டது. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருந்தால் ஆல்டர்னேட்டர் ஒழுங்காக சார்ஜ் போடுகிறது. எஞ்சின் ஓடும்போதும் 12 சொச்சத்திலேயே நின்றால், எத்தனை புது பேட்டரி மாற்றினாலும் பிரயோஜனம் இல்லை.

'பனிக்காலத்தில்தான் பேட்டரி போகும்' என்று ஒரு பேச்சு உண்டு. அது பனி கொட்டும் நாடுகளின் கதை. நம் ஊரில் பேட்டரியின் எமன் வெயில். சூடு ஏற ஏற உள்ளே இருக்கும் தகடுகள் சீக்கிரம் அரிக்கும், தண்ணீரும் வற்றும். சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தாண்டும் திருச்சியில் தெருவில் நிற்கும் கார் பேட்டரி, கம்பெனி சொல்லும் ஆயுளை எட்டாமல் போவதில் ஆச்சரியம் இல்லை.

ஒரே ஒரு 'டொக்', அப்புறம் நிசப்தம்

இது கொஞ்சம் குழப்பமான சத்தம். ஒரு சின்ன சோதனை இருக்கிறது. ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். எதிர் சுவரில் விழும் வெளிச்சம் மங்கி அணைகிற மாதிரி ஆனால் பேட்டரி, டெர்மினல், எர்த் கேபிள் பக்கம் பாருங்கள். வெளிச்சம் அசையாமல் பிரகாசமாக இருந்தால் மின்சாரம் இருக்கிறது, ஆனால் ஸ்டார்ட்டர் மோட்டார் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். சாலினாய்டின் காண்டாக்ட் தேய்ந்திருக்கலாம், மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். பல ஸ்டார்ட்டர்களை ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் கொடுத்தால் பிரித்து பிரஷ் மாற்றித் தருவார்கள். முழு மோட்டாரையே மாற்றச் சொன்னால் ஒரு வார்த்தை கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை.

ஆனால் இதே ஒற்றை 'டொக்' மழை வெள்ளத்துக்கு அடுத்த நாள் வந்தால் கதையே வேறு. அதைக் கீழே தனியாகப் பார்ப்போம்.

'கிர்ர்ர்ர்...' பல்லைக் கூச வைக்கும் சத்தம்

சின்னச் சக்கரமும் பெரிய பல்வளையமும் சரியாகக் கோத்துக்கொள்ளாமல் உரசுகிற சத்தம் இது. பல் தேய்ந்திருக்கலாம், ஸ்டார்ட்டர் போல்ட் லூஸாகி இருக்கலாம். இதில் ஒரு விநோதம் உண்டு. நாலு சிலிண்டர் எஞ்சின்கள் ஆஃப் செய்யும்போது பெரும்பாலும் குறிப்பிட்ட இரண்டு இடங்களில்தான் வந்து நிற்கும். அதனால் பல்வளையத்தில் அந்த இடங்கள் மட்டும் அதிகம் தேயும். 'ஒரு நாள் கிர்ர்னு வருது, ஒரு நாள் வரல' என்பதற்கு இதுதான் காரணம். பல்வளையத்தை மாற்ற கியர்பாக்ஸையே இறக்க வேண்டும் என்பதால் கூலி எகிறும். ஆரம்பத்திலேயே காட்டிவிட்டால் சின்னச் சக்கரத்தோடு செலவு முடிய வாய்ப்பிருக்கிறது.

சத்தமில்லாத பெட்ரோல் கார்களில் இன்னொரு காரணமும் சகஜம். எஞ்சின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பது தெரியாமல் மறுபடி சாவியைத் திருப்புவது! யாரோடாவது பேசிக்கொண்டே செய்தால் நடக்கும். ஒரு முறை நடந்தால் ஒன்றும் ஆகாது. வழக்கமானால் பல் போகும்.

மோட்டார் மட்டும் 'வ்வீங்' என்று தனியாகச் சுற்றி, எஞ்சின் அசையவே இல்லை என்றால், சின்னச் சக்கரம் முன்னால் வந்து கோக்கவில்லை அல்லது அதன் உள்ளே இருக்கும் கிளட்ச் வழுக்குகிறது. மெக்கானிக்குகள் 'பெண்டிக்ஸ் போயிருக்கு' என்பார்கள்.

'கீச்ச்ச்...' தெருவையே எழுப்பும் பெல்ட்

எஞ்சின் பிடித்ததும் கிளி கத்துவது போல ஒரு கீச்சல், அரை நிமிஷத்தில் அடங்கிவிட்டால் அது பெல்ட். ஸ்டார்ட் செய்ததில் பேட்டரி இழந்த மின்சாரத்தைத் திரும்ப ஏற்ற ஆல்டர்னேட்டர் முழு மூச்சில் வேலை செய்யும் நேரம் அது. அந்தச் சுமையில் தேய்ந்த பெல்ட் வழுக்குகிறது. மழை பெய்த காலையில், பனி இறங்கிய காலையில் அதிகமாகக் கேட்கும். மெக்கானிக் பெல்ட்டின் வரிப்பள்ளம் இருக்கும் பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பார்ப்பார். சத்தம் அதிகமானால் பெல்ட் தளர்ந்திருக்கிறது. சத்தம் நின்று, காய்ந்ததும் திரும்ப வந்தால் புல்லி நேர்கோட்டில் இல்லை. ஓடும் எஞ்சினுக்குள் வேட்டி, துப்பட்டா, கை எதுவும் போகக் கூடாது என்பதால் இந்தச் சோதனையை வீட்டில் செய்ய வேண்டாம்.

'கடகட' - இரண்டு விநாடியா, நிற்கவே இல்லையா?

முதலில் பார்த்த உத்திர வீதிக் காரின் சத்தத்துக்கு வருவோம். எஞ்சின் பிடித்ததும் ஒன்றிரண்டு விநாடி மட்டும் தகர டப்பாவில் கல் போட்டுக் குலுக்கியது போல ஒரு சத்தம். காரணம் ஆயில். இரவில் கீழே இறங்கிய ஆயிலை பம்ப் மறுபடி மேலே ஏற்றும் வரை உலோகம் உலோகத்தைத் தொடுகிறது.

ஆயில் அவ்வளவு சீக்கிரம் வடிந்துவிடக் கூடாது என்பதற்காகவே பல ஆயில் ஃபில்டர்களுக்குள் ஒரு ரப்பர் வால்வு இருக்கும். விலை மலிவான டூப்ளிகேட் ஃபில்டர்களில் இந்த ரப்பர் தரமில்லாமல் விறைத்துப்போகும். வால்வு மூடாது, ஆயில் இறங்கிவிடும். சர்வீஸ் செய்த மறுவாரத்தில் இருந்து சத்தம் என்றால் முதல் சந்தேகம் ஃபில்டர் மேல்தான்.

அடுத்தது ஆயிலின் தடிமன். ஆயில் டப்பாவில் 5டபிள்யூ-30, 20டபிள்யூ-50 என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதல் எண் ஆறிய நிலையில் ஆயில் எப்படி ஓடும் என்பதைச் சொல்கிறது. எண் சின்னதாக இருந்தால் ஸ்டார்ட் செய்த உடனே வேகமாக மேலே ஏறும். 'நம்ம ஊரு வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் சார் நல்லது' என்று ஊற்றிவிடும் பழக்கம் இன்னமும் இருக்கிறது. பழைய அம்பாசடருக்கு அது சரி. இன்றைய எஞ்சின்களில் ஆயில் போகும் வழிகள் நுணுக்கமானவை. கம்பெனி மேனுவலில் 0டபிள்யூ-20 அல்லது 5டபிள்யூ-30 என்று இருந்தால் அதைத்தான் ஊற்ற வேண்டும்.

மூன்றாவது சந்தேகம்தான் பர்ஸைப் பதம் பார்ப்பது. டைமிங் செயின். கேம் ஷாஃப்டையும் கிராங்க் ஷாஃப்டையும் இணைக்கும் சங்கிலி இது. இதை இழுத்துப் பிடிக்க டென்ஷனர் இருக்கும். பல எஞ்சின்களில் அந்த டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. அழுத்தம் வரும் வரை தளர்ந்த சங்கிலி பக்கவாட்டில் அடிக்கும். மாருதி, டாடா, ஃபியட் என்று மூன்று கம்பெனி கார்களிலும் ஓடிய 1.3 லிட்டர் டீசல் எஞ்சினில் இருப்பது இந்த வகைச் சங்கிலிதான். ஊரில் இன்றும் அந்த எஞ்சின் கார்கள் ஏராளம். சங்கிலி என்பதால் பெல்ட் போல இத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றும் தொல்லை இல்லை. ஆனால் ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்டால் தேயும். 'இரண்டு விநாடி' சத்தம் மாதத்துக்கு மாதம் ஐந்து, பத்து விநாடியாக நீள்கிறது என்றால் அலட்சியம் கூடாது. சங்கிலி பல் தாவினாலோ அறுந்தாலோ வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். அதன் பிறகு பேச்சு எஞ்சின் வேலை பற்றித்தான்.

எல்லா காலைச் சத்தமும் ஆபத்து இல்லை. டீசல் கார் ஆறிய நிலையில் கொஞ்சம் கரகரப்பாகத்தான் ஓடும், அது அதன் குணம். சைலன்சரைச் சுற்றி இருக்கும் வெப்பத் தகடு லூஸாகி 'ஜிர்ர்' என்று அதிர்வது காதுக்கு பயங்கரமாகக் கேட்கும், ஒரு கிளாம்ப் போட்டால் முடிந்தது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கட்டில் சின்ன ஓட்டை இருந்தால் 'டிக் டிக்' என்று ஆரம்பித்து, உலோகம் சூட்டில் விரிந்து ஓட்டை அடைபட்டதும் நின்றுவிடும். ஆன் செய்யும்போதும் ஆஃப் செய்யும்போதும் 'தட்' என்று ஒரு குலுக்கல் வந்தால் எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் போயிருக்கிறது.

இதைக் கேட்டால் யோசிக்காமல் ஆஃப் செய்யுங்கள்

எண்ணெய்க் கிண்டி படம் போட்ட சிவப்பு விளக்கு டேஷ்போர்டில் இருக்கிறதல்லவா? சாவி போட்டதும் எரியும், எஞ்சின் பிடித்த சில விநாடிகளில் அணைய வேண்டும். அது அணையாமல், கூடவே கடகடப்பும் தொடர்ந்தால் எஞ்சினுக்குள் ஆயில் அழுத்தம் இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டும். 'பக்கத்துலதானே, மெதுவா ஓட்டிட்டுப் போயிடலாம்' என்பது இங்கே எடுபடாது. ஆயில் அழுத்தம் இல்லாமல் ஓட்டினால் பேரிங் உருகிப் பிடித்துக்கொள்ள சில நிமிஷம் போதும். ஆஃப் செய்து, டிப் ஸ்டிக்கை எடுத்து ஆயில் அளவைப் பாருங்கள். அளவு சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால் வண்டியை இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

அடிவயிற்றில் இருந்து வருவது போல கனமான 'டொக்... டொக்...', ஆக்சிலரேட்டர் கொடுத்தால் அதற்கேற்ப வேகமாகிறது என்றால் கனெக்டிங் ராடு பேரிங் பக்கம் கோளாறு. அதற்கும் இதே விதிதான்.

வெள்ளத்தில் நின்ற கார்: சாவியைத் தொடாதீர்கள்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கும் தீவு ஸ்ரீரங்கம். திருச்சிப் பக்கம் கோரையாறும் உய்யக்கொண்டானும் ஊருக்குள்ளேயே ஓடுகின்றன. 2005 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்குத் தண்ணீர் எவ்வளவு சீக்கிரம் வீட்டு வாசலுக்கு வரும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

காற்று உள்ளே போகும் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால் என்ன ஆகும்? காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. ஸ்டார்ட்டர் சுற்ற, பிஸ்டன் மேலே வந்து தண்ணீரில் முட்டி அப்படியே நிற்கும். வெளியே கேட்பது ஒரே ஒரு 'டொக்'. பேட்டரி வீக் போல என்று நினைத்து திரும்பத் திரும்ப முயன்றாலோ, நாலு பேரை வைத்துத் தள்ளி ஸ்டார்ட் செய்தாலோ கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இதை 'ஹைட்ராலிக் லாக்' என்கிறார்கள்.

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் வண்டியை இழந்த பலர் படித்த பாடம் இது. தண்ணீர் வடிந்ததும் 'ஓடுதா பார்ப்போம்' என்று சாவியைத் திருப்பியதுதான் தவறு. பணம் போகும் இடமும் அதுவே. சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசி வெள்ளச் சேதத்துக்குப் பணம் தரும். ஆனால் தண்ணீர் புகுந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதத்தை, அது வெள்ளத்தின் நேரடிச் சேதம் இல்லை, பின்விளைவு என்று சொல்லி பொதுவாகத் தள்ளிவிடுவார்கள். 'எஞ்சின் புரொடெக்ட்' என்ற கூடுதல் கவர் எடுத்திருந்தால்தான் அதற்கு வழி. உங்கள் பாலிசியில் அது இருக்கிறதா என்று ஐப்பசி பிறக்கும் முன்பே ஒரு முறை எடுத்துப் பாருங்கள். தண்ணீரில் நின்ற கார் என்றால், பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு, தண்ணீர் எந்த அளவு ஏறியது என்று போட்டோ எடுத்து, கம்பெனிக்குச் சொல்லி, இழுத்துப் போக ஏற்பாடு செய்வதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

மாதக்கணக்கில் நிற்கும் கார்கள்

சித்திரை வீதி, உத்திர வீதி, அடையவளஞ்சான் வீதி என்று ஒரு நடை போனால் கவர் போட்டபடி வாசலில் நிற்கும் கார்களைப் பார்க்கலாம். பல வீடுகளில் பிள்ளைகள் வெளிநாட்டில். அப்பா, அம்மா இருவருக்கு ஒரு கார். டாக்டரைப் பார்க்க, ஏதாவது விசேஷத்துக்கு, ராத்திரி ஃப்ளைட்டில் வருபவர்களை ஏர்போர்ட்டில் போய் அழைத்து வர. அவ்வளவுதான் அதன் ஓட்டம். கிலோமீட்டர் குறைவு, வண்டி புதுசு போல இருக்கும். ஆனால் காலைச் சத்தங்கள் அதிகம் வருவது இந்த மாதிரி வண்டிகளில்தான். நடுராத்திரி நெஞ்சுவலி என்று கிளம்பும்போது 'டக் டக் டக்' என்று மட்டும் கேட்டால் எப்படி இருக்கும்?

நிற்கும் காரிலும் அலாரம், கம்ப்யூட்டர், கடிகாரம் எல்லாம் சொட்டு சொட்டாக பேட்டரியைக் குடித்துக்கொண்டிருக்கும். இதற்குப் பயந்து தினமும் வாசலிலேயே ஐந்து நிமிஷம் ஓடவிட்டு நிறுத்துகிறார்கள். இது நல்லதைவிட கெட்டதையே அதிகம் செய்கிறது. ஸ்டார்ட் செய்ய எடுத்த மின்சாரம் அந்த ஐந்து நிமிஷ ஐடிலில் முழுசாகத் திரும்பாது. எஞ்சினும் சரியாகச் சூடாகாததால் உள்ளே உருவாகும் நீராவி ஆவியாகிப் போகாமல் ஆயிலில் கலக்கும். அதற்கு பதில் வாரம் ஒரு முறை அரை மணி நேரம் ஓட்டுவது உத்தமம். கொள்ளிடம் பாலம் தாண்டி, நம்பர் 1 டோல்கேட் வழியாக சமயபுரம் போய் அம்மனைப் பார்த்துவிட்டு வந்தால் பேட்டரிக்கும் நல்லது. ஓட்ட ஆளே இல்லை, இரண்டு மாதம் அமெரிக்கா போகிறோம் என்பவர்கள் மைனஸ் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டுப் போகலாம்.

இன்னொரு குடித்தனக்காரர் எலி. ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் துணி, தேங்காய் நார், பிரசாதத் தொன்னை என்று சேர்த்துவைத்து கூடு கட்டிவிடும். வயரைக் கடித்தால் ஒரு சிலிண்டர் வேலை செய்யாமல் எஞ்சின் குலுங்கிக் குலுங்கி ஓடும், மஞ்சள் எஞ்சின் விளக்கும் எரியும். மார்கழியில் எலியைத் தேடிப் போகும் பூனையும் உள்ளேயே தூங்கிவிடும். நாள் கழித்து எடுக்கும் காரில் சாவி போடும் முன் பானெட்டை இரண்டு தட்டு தட்டுங்கள்.

மெக்கானிக்கிடம் எப்படிச் சொல்வது?

'ஒரு மாதிரி சத்தம் வருது' என்று சொன்னால் அவரும் ஒரு மாதிரிதான் பார்ப்பார். முந்தின ராத்திரியில் இருந்து எவ்வளவு நேரம் வண்டி நின்றது, சாவி திருப்பி எத்தனையாவது விநாடியில் சத்தம், எவ்வளவு நேரம் நீடித்தது, கிளட்சை மிதித்தால் மாறுகிறதா, ஏசி போட்டால் மாறுகிறதா, கடைசியாக எப்போது ஆயில் மாற்றியது, எந்த ஆயில். இதைச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது.

கையில்தான் மொபைல் இருக்கிறதே! பானெட்டைத் திறந்து வைத்து, வீட்டில் ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, சாவி போடுவதற்கு முன்பிருந்தே வீடியோ எடுங்கள். பெல்ட், ஃபேன் பக்கம் கை போகாத தூரத்தில் நின்றால் போதும். டேஷ்போர்டு விளக்குகள் தெரியும்படி உள்ளே இருந்து இன்னொரு வீடியோ. எந்தப் பாகத்தை மாற்றச் சொன்னாலும் எந்தச் சோதனையில் அது போனதாகத் தெரிந்தது என்று கேளுங்கள். கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள்.

வீடியோவைப் பார்த்தும் அவருக்குப் பிடிபடவில்லை என்றால் காலையில் ஓட்டிக்கொண்டு போவதில் அர்த்தமே இல்லை. முதல் நாள் சாயங்காலமே வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு, 'நாளைக்குக் கடை திறந்ததும் வேற யாரும் சாவியைத் தொடாம, நீங்களே முதல்ல ஸ்டார்ட் பண்ணிக் கேளுங்க தம்பி' என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம். திரும்பி வர ஒன்றாம் நம்பர் பஸ் இருக்கிறது.